ஒரு மணி இருபது நிமிடம்

வட்டார ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில், கை கழுவும் தொட்டிக்கு மேலே அந்த நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். சோப்பு போடுவது எப்படி என்று சொல்லும் படத்தை மறைத்துத்தான் அதற்கு இடம் கிடைத்தது. சேவைகளை வலுப்படுத்தும் நோக்கில் இந்தப் பிரிவை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைக்க உத்தேசம், அது குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்படும், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, நகரசபை மண்டபம், அனைவரும் வருக. சுகாதாரத்துறை ஓர் இடத்தை வலுப்படுத்தப் போகிறேன் என்று சொன்னால், அங்கே இருப்பவர்கள் மூட்டை முடிச்சைக் கட்டத் தொடங்குவது நல்லது.

அந்தப் பிரிவில் ஆறு மெஷின், ஆறு நோயாளிகள். செவ்வாய், வியாழன், சனி, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். முன்பெல்லாம் தினமும் இரண்டு ஷிப்ட் ஓடியது. பிறகு மூன்று நர்ஸுகளில் இரண்டு பேரைப் பிடுங்கி வேறெங்கோ நட்டார்கள். ஒரே ஒரு சிஸ்டர் மிஞ்சினார். ஆள் இல்லாததால் மெஷின்கள் பாதி நாள் சும்மா கிடந்தன. சும்மா கிடந்ததால் 'பயன்பாடு குறைவு' என்று அறிக்கை எழுதினார்கள். சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இந்த வீட்டில் யாருக்கும் பசியே எடுப்பதில்லை என்று குறித்துவைப்பது போல.

கிழமையில் இருந்த கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் நாலாம் நாற்காலியில் படுத்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாம ஆறு பேரும் இங்கதானே ட்யூப்ல கட்டிப்போட்ட மாதிரி கிடப்போம்? அனைவரும் வருகன்னா, எந்த அனைவரும்?"

சிஸ்டர் தேதியை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஒரே வாரத்தில் பதில் வந்தது. அந்தத் துறையிலிருந்து ஒரே வாரத்தில் வந்த ஒரே பதில் அதுதான். அனைத்துத் தரப்பினரின் வசதியையும் கருத்தில் கொண்டே தேதி முடிவு செய்யப்பட்டதாம். பயனாளிகள் தரப்புக்கு ஒரு டோக்கன் ஒதுக்கியிருக்கிறார்களாம். பயனாளி நேரில் வர வேண்டும். டோக்கனை மற்றவருக்கு மாற்றித் தர இயலாது. கூடவே திட்ட ஆலோசகரின் அறிக்கைச் சுருக்கம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். நகரத்துக்குத் தூரம் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். சராசரிப் பயண நேரம் ஒரு மணி இருபது நிமிடம். எனவே நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க சிரமம் இல்லை.

இதைக் கேட்டதும் இரண்டாம் நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மெஷின் பயந்துபோய் ஒரு தடவை பீப் அடித்தது.

"எந்தப் புண்ணியவான் ஓட்டினான்? ஞாயித்துக்கிழமை விடிகாலையில கார்ல பறந்திருப்பான். நாப்பத்தொரு ஸ்டாப்பு, நடுவுல ரயில்வே கேட்டு. மூணே கால் மணி நேரத்துக்குக் கொறஞ்சு அந்த பஸ்ஸு ஒருநாளும் போய்ச் சேந்ததில்ல. நான் சொல்றேன்."

சொன்னவர், அந்தத் தடத்தில் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் இருக்கும் வண்டிக்குத் தனியாக ஹாரன் தேவையில்லை என்று டிப்போவில் பேச்சு. அதனால் ஹாரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மனைவியைத் தவிர எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"போறதுக்கு மூணே கால், வர்றதுக்கு மூணே கால்," டீச்சர் கணக்குப் போட்டார். "நடுவுல நாலு மணி நேரம் மெஷின். முடிச்சதும் பிரஷர் இறங்கி, தலை சுத்தி, வாந்தி வரும். அதோட நாப்பத்தொரு ஸ்டாப்பு. வாரத்துல மூணு நாள். ஹாரன் தம்பி, நீங்கதான் போய்ச் சொல்லணும்."

ஆனால் யாரை அனுப்புவது என்பதை அவ்வளவு லேசில் முடிவு செய்ய சிஸ்டர் விடவில்லை. சனிக்குப் பிறகு செவ்வாய் வரை உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே நீளமானது. கிட்னி வேலை செய்யாத உடம்பில் அதற்குள் பொட்டாசியம் ஏறிப்போயிருக்கும். அளவு மிஞ்சினால் இதயம் முன்னறிவிப்பு கொடுக்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். எனவே போன மாத ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்து வந்து, ஒவ்வொருவர் அளவையும் உரக்கப் படித்தார். டீச்சருக்கு ஐந்தே முக்கால். மற்ற நாலு பேருக்கும் ஐந்தரையைச் சுற்றி. ஹாரனுக்கு நாலு.

"நாலா! பச்சக் குழந்தைக்கு இருக்கற மாதிரியில்ல இருக்கு!" என்றார் டீச்சர் பொறாமையோடு.

ஆறு பேரும் கை தட்ட முடியாத நிலையில் இருந்ததால், தொடையில் தட்டி ஆமோதித்தார்கள். பொட்டாசியத்தைப் பார்த்துப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது மக்களாட்சி வரலாற்றில் அதுவே முதல் முறையாக இருக்கலாம். மற்ற முறைகளைவிட இது மோசம் என்று சொல்லவும் முடியாது.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சு பன்னெண்டுக்கு முடிச்சிடுவாங்களாம் அண்ணே," என்றார் சிஸ்டர். "பேசிட்டு நேரா இங்க வந்துடுங்க. நான் வீட்டுக்குப் போக மாட்டேன். உங்க மெஷினை ரெடி பண்ணி வெச்சிருப்பேன். ரெண்டு மணிக்கு மேல தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஹாரன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, மனைவியோடு மண்டபத்துக்குப் போனார். வாசலில் 'பயனாளி' என்று அச்சடித்த அட்டையைச் சட்டையில் குத்திவிட்டு, பத்தொன்பதாம் எண் டோக்கனைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாத மனிதர், அதை எடுத்துக் காலுக்கடியில் தள்ளினார்.

"எதுத்தாப்புல வெச்சு வெறுப்பேத்துறானுங்க," என்றார்.

"பேசாம இருங்க. அங்க பேசறதுக்குத் தொண்டை வேணும்," என்றாள் மனைவி.

தலைவர் பதினொன்றே காலுக்கு வந்தார். வரவேற்புரைக்கு வரவேற்பு சொல்ல ஒருவர், அவருக்கு நன்றி சொல்ல ஒருவர். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். தான் சுருக்கமாகப் பேசுபவன் என்பதையே ஆறு தடவை சொன்னார். திட்ட ஆலோசகர் திரையில் வண்ண வண்ண வட்டங்களைக் காட்டினார். ஒரு வட்டம் இன்னொரு வட்டத்துக்குள் போய் மறைந்தது. அதுதான் இந்த ஆஸ்பத்திரியாம். பிறகு மருத்துவ அறநெறிப் பேராசிரியர் எழுந்தார். நோயாளியே மையம் என்றார். நோயாளியின் குரலே முதல் குரல் என்றார். மண்டபம் கை தட்டியது. அதன் பிறகு முதலாம் எண் டோக்கனை அழைத்தார்கள். அவர் சக்கர நாற்காலி விற்பவர்.

ஐந்தாம் டோக்கன் மருந்துக்கடைச் சங்கம். ஏழாவது, இணைப்பை வரவேற்ற ஆம்புலன்ஸ் ஒப்பந்ததாரர். அவர் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பார்கள்? எட்டாவது ஆசாமி தன் தெருச் சாக்கடை அடைத்திருப்பதைப் பற்றி விவரமாகப் பேசினார். அன்று பேசப்பட்டவற்றில் உண்மை அது ஒன்றுதான். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. இரண்டு மணிக்கு ஹாரனின் மனைவி வெளியே போய் சிஸ்டருக்கு போன் செய்தாள்.

"இன்னும் பதினொண்ணாம் டோக்கன்தாம்மா போகுது."

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"காலு கனமா இருக்காம். உக்காந்தே இருந்ததால மரத்துப்போச்சுங்கறார்."

சிஸ்டர் போனை வைத்தார். ஆளில்லாத அறையில் ஐந்து மெஷின்கள் துடைத்துக் கிடந்தன. ஆறாவது தயாராகக் காத்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மாதப் பதிவேட்டை எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு நோயாளியிடமும் டயாலிசிஸுக்கு முன்னால் ஒரு குழாய் ரத்தமும், முடிந்த பின்னால் ஒரு குழாயும் எடுப்பது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஹாரனின் வரிசைக்கு வந்தபோது பேனா நின்றது. யூரியா, முன்னால் ஐம்பத்திரண்டு. பின்னால் நூற்று நாற்பத்தெட்டு. ரத்தத்தில் அழுக்கைச் சேர்க்கும் மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

குழாய்கள் மாறியிருந்தன. அன்று மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தபோது ஸ்டிக்கர்களை ஒட்டியது இந்தக் கைதான். அப்படியானால் நாலு என்பது சுத்தம் செய்த பிறகு இருந்த பொட்டாசியம். பின்னால் என்று எழுதியிருந்த தாளைப் புரட்டினார். ஆறரை. ஆறு பேரில் மிக மோசமான ஆளைப் பொறுக்கி எடுத்து, மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

சிஸ்டர் செருப்பைக்கூட மாற்றாமல், ஆஸ்பத்திரி ரப்பர் செருப்போடு இரண்டு தெரு ஓடினார்.

மண்டபத்தில் பதினாறாம் டோக்கன் பேசிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஹாரனின் நாற்காலி பக்கத்தில் குந்தினார்.

"அண்ணே, கிளம்புங்க."

"இன்னும் ரெண்டே பேர்தான் சிஸ்டர். வந்தாச்சு."

"உங்க ரிப்போர்ட் தப்பு அண்ணே. நாலு இல்ல, ஆறரை. நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன்."

"அப்ப நான் எலக்‌ஷன்ல தோத்துட்டேன்னு சொல்லுங்க," என்றார் ஹாரன். "இவ்வளவு நேரம் இருந்தாச்சு. அந்த ரோட்ட பத்திச் சொல்ல இங்க வேற யாரு இருக்கா? சொல்லிட்டு வந்துடறேன்."

சிஸ்டர் மேடைக்குப் போனார். இவரை மட்டும் இப்போதே பேச விடுங்கள், உடனே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார்.

"காரணம்?" என்றார் தலைவர், மணியைக் கையில் பிடித்தபடி.

"அவருக்கு உடம்புல..."

"நிறுத்துங்க சிஸ்டர்," என்று மிக மென்மையாகக் குறுக்கிட்டார் அறநெறிப் பேராசிரியர். "ஒரு நோயாளியோட நிலைமையைப் பொது மேடையில சொல்றதா? அவரோட அந்தரங்கம் புனிதமானது."

"அவரே சொல்லச் சொல்றார் சார்."

"எழுத்துல சம்மதம் இருக்கா? அதுக்குன்னு படிவம் இருக்குமே."

படிவம் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருந்தது. அலுவலகம் பூட்டியிருந்தது, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. சாவி வைத்திருந்த குமாஸ்தா மூன்றாம் வரிசையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஹாரன் எழுந்து நின்றார். டோக்கனும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டால் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும். இருபத்தேழு வருஷம் கேட்ட குரல். வாயைத் திறந்தார்.

"அந்த ரோட்டுல..."

அவ்வளவுதான் வந்தது. அதுவும் காற்றாக வந்தது. தலைவர் மணியை அடித்தார். "டோக்கன் வரிசைப்படிங்க. எல்லாருக்கும் சந்தர்ப்பம் உண்டு." ஹாரனின் முழங்கால்கள் ஈரத்துணி போல மடிந்தன.

மனைவி ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் டோக்கனை உயர்த்தினாள். "மூணே கால் மணி நேரம் ஆகும்! கேட்டுக்கங்க! மூணே கால் மணி நேரம்!"

"அம்மா, டோக்கன் மாத்த முடியாது, உக்காருங்க."

அவள் மேடையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். டோக்கனைக் கீழே போட்டாள். "அந்தப் பக்கம் பிடிங்க சிஸ்டரம்மா. இவங்ககிட்ட என்ன பேச்சு." நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று மணிக்கு ஹாரனின் ரத்தம் மெஷினில் ஓட ஆரம்பித்தது. மூன்றேகாலுக்கு மண்டபத்தில் பத்தொன்பதாம் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: பயனாளிகள் பிரதிநிதி அழைக்கப்பட்டபோது வரவில்லை. அத்தரப்பில் ஆட்சேபணை ஏதும் பதிவாகவில்லை. கூட்டம் நீண்ட நேரம் நடப்பது குறித்து ஒரு பெண்மணி அதிருப்தி தெரிவித்தார்.

மாலை ஏழு மணிக்கு ஹாரன் கண்ணை நன்றாகத் திறந்தபோது சிஸ்டர் ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னது அது?"

"தவறு நடந்தா எழுதித் தரணும் அண்ணே. குழாய் மாறினது."

"பைத்தியமா சிஸ்டர் உங்களுக்கு? யாருக்குத் தெரியும்? நான் பொழைச்சுட்டேன்ல, கிழிச்சுப் போடுங்க."

"எழுதலேன்னா நாளைக்கு வேற எங்கயாவது, வேற யாருக்காவது இப்படித்தான் மாறும்," என்றார் சிஸ்டர். நிறுத்தாமல் எழுதினார். 'ஒரே ஆள் பணியில் இருந்தேன்' என்பதையும் சேர்த்து எழுதினார்.

அந்தப் பிரிவில் யாரும் அறநெறி பற்றிச் சொற்பொழிவு ஆற்றியதில்லை. நடந்தது இது ஒன்றுதான். இதுவும் வீண் போகவில்லை. இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் அந்தப் படிவம் இடம்பெற்றது. இப்பிரிவில் பாதுகாப்புக் குறைபாடு உள்ளது ஊழியரின் ஒப்புதலாலேயே நிரூபணமாகியிருப்பதால், இணைப்பு நோயாளிகளின் நலனுக்கு இன்றியமையாதது. ஒரே ஆள் பணியில் இருந்த வரியை மட்டும் இடம் போதாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் பிரிவை மூடி, மெஷின்களைத் துணி போர்த்தி லாரியில் ஏற்றினார்கள். சிஸ்டரைக் கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

இப்போது செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரை பஸ். ஆரம்பத்தில் ஆறு பேர் ஏறினார்கள். அவர்களில் ஒருவரான தையல்கார அம்மா நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சர் முதலில் வியாழனை விட்டார். "வாரத்துக்கு ரெண்டு போதும் தம்பி, கணக்கு எப்படியோ சரியா வந்துடும்," என்றார். பிறகு சனியை விட்டார். பிறகு ஒரு செவ்வாயன்று அவர் ஸ்டாப்பில் யாரும் நிற்கவில்லை. பஸ் பழக்கத்தில் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டது. அடுத்து, ஆறு பேரில் இருமலை நிறுத்த முடியாத தபால்காரரும் வராமல் போனபோது, பஸ் பழக்கத்துக்குக்கூட அவர் ஸ்டாப்பில் நிற்கவில்லை.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஹாரனும் மனைவியும். வண்டி ஓட்டுகிறவர் அவரிடம் வேலை பழகியவர்தான்.

"அண்ணே, வேகமா மிதிக்கணும்னுதான் ஆசை. சீட்டுக்கு மேல முப்பது பேர் நிக்கறாங்க."

"பாத்து ஓட்டுப்பா. எனக்குத் தெரியாதா."

பதினெட்டாம் ஸ்டாப் தாண்டி, ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஜன்னலில் தலை சாய்த்திருந்த மனைவி கேட்டாள். "மணி என்னங்க?"

"ஆறு அம்பது."

ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அறிக்கைப்படி அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.