முப்பத்தெட்டாம் மாடித் தெற்கு வீடு

எழுதிப் பழக்கமில்லாத நான் வாசகர்களின் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். இதைப் புகாராகவே கொடுக்க விரும்பினேன். பற்றாக்குறை ஒழிக்கப்பட்ட பிறகு அதற்கான படிவமும் ஒழிக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே கதையாக எழுதத் துணிந்தேன்.

பூசான் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அரிசி, துணி, மருந்து, வீடு எதற்கும் விலையில்லை. கேட்டால் வரும்; சில வேளைகளில் கேட்காமலும் வரும். அடுக்ககங்கள் மட்டும் ஒன்றன் வெயிலை ஒன்று மறைத்தபடி உயர்ந்துவிட்டன. வெயில் விழும் வீடுகள் பன்னிரண்டே.

என் அக்கா பியோன் ஹே-ரான், கப்பல் கட்டும் தளத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். எல்லோருக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள், வெயிலிலேயே வாழ்ந்தவர். இடுப்பெலும்பு முறிந்தபின் பத்தொன்பதாம் மாடியின் வடக்கு அறையில் படுத்திருந்தார். தெற்கு வீட்டுக்கான வரிசையில் அவர் பெயர் பதினோரு ஆண்டுகளாக இருந்தது.

அக்டோபர் பத்தொன்பதாம் நாள் காலை, சுவரிலிருந்து ஒதுக்கீட்டு இயந்திரத்தின் குரல் பேசியது.

"ஹே-ரான் அம்மா, முப்பத்தெட்டாம் மாடித் தெற்கு வீடு காலியா இருக்கு. உங்க முறை. எடுத்துக்கிறீங்களா?"

அக்காவின் முகம் மலர்ந்தது.

"ஐயையோ, எனக்கெதுக்குத் தம்பி? கொழந்தகுட்டி உள்ளவங்களுக்குக் குடுங்க."

"வேண்டாம்னு சொல்றீங்களா?"

"எனக்கு இந்த எடமே போதும். உங்களுக்கு ஏன் சிரமம்?"

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். இருமுறை மறுத்து, மூன்றாம் முறை இரு கைகளாலும் வாங்கிக்கொள்வதுதானே எங்கள் வழக்கம்? மூத்தவர் பேசும்போது குறுக்கிடலாகாது என்று கற்ற நானும் தலைகுனிந்து நின்றேன்.

"பதிவு செய்யப்பட்டது. நன்றி," என்று குரல் அடங்கியது.

"என்னடி, மூணாவது தடவ கேக்கலியே?"

"கேக்கும்க்கா, இருங்க."

மாலைவரை இருந்தோம்.

"எந்த வீட்ல வளந்த பயடி இவன்!" என்றார் அக்கா. சிரிக்கத்தான் முயன்றார்.

மறுநாள் ஒதுக்கீட்டு அலுவலகத்திலிருந்த ஒரே மனிதரான கி ஜோங்-தூவைச் சந்தித்தேன்.

"வேணும்னா வேணும்னு சொல்லணும்மா. குரல் ரெண்டு தடவ கேட்டிருக்கே."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"இப்ப யாரும்மா மரியாதைக்கு வேண்டாங்கறா? இங்க எதுதான் இல்ல?"

"வெயில் இல்லீங்க."

"வெயில் வெளக்கு இருக்கே. நாலு எடுத்துக்குங்க. பத்து வேணுமா?"

அந்த வீடு குடியிருப்புச் சங்கத் தலைவருக்குப் போயிருந்தது. குரல் கேட்டு முடிப்பதற்குள் அவர் "வேணும்" என்றாராம். அவர் அங்கே வசிக்கவில்லை. தம் கோல்ஃப் மட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்.

வாழ்வில் முதன்முறையாக ஒருவர் மேசையை ஓங்கித் தட்டினேன்.

"இல்லாததே இல்லன்னு வருஷாவருஷம் விழா எடுக்கறீங்களே! பன்னெண்டு ஜன்னலுக்கு நாலாயிரம் பேர் நிக்கறோமே, அதுக்கு என்னங்க பேரு?"

"முறைவரிசைன்னு பேரும்மா," என்றார் அவர் அமைதியாக. "உங்கக்கா பேரக் கடைசில சேத்திருக்கேன்."

வெட்கமின்றிக் கையை நீட்டியவருக்கு ஜன்னல். நாணி மறுத்தவருக்கு வரிசையின் வால். இதற்குப் பெயர் நிறைவாம்! அந்தத் தலைவர்மீது எனக்குள்ள கோபத்தில் பாதி என்மீதும் உண்டு. "அக்காவுக்கு வேணும்" என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

பத்து விளக்குகள் வந்து சேர்ந்தன. அக்கா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"அணைடி. நான் என்ன காயப்போட்ட கருவாடா?"

பிப்ரவரி பன்னிரண்டாம் நாள், அந்த வடக்கு அறையிலேயே அக்கா காலமானார்.

இழந்தவை: வரிசையில் நின்ற பதினோரு ஆண்டுகள். தெற்கு வீடு ஒன்று. அங்கே காலை பத்திலிருந்து இரண்டுவரை விழும் வெயில், நூற்றுப் பதினாறு நாட்களுக்கு. என் அக்கா.