கூட வந்தவங்க

"கூட யார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டதும் நான் பைக்குள் கையை விட்டு எதையோ தேடினேன். தேட ஒன்றும் இல்லை. "பஸ்ல வந்துகினு கீறாங்க சிஸ்டர்" என்றேன். பொய். பக்கத்து வீட்டுச் சுதா பத்து நாளாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் போன் போட்டு, "கொயந்தைக்கு ஜொரம்கா" என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. ஜுரம் என்ன நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

பூந்தமல்லி தாண்டி இருக்கும் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் கூட ஓர் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் கட்டுப் போட்டவரை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அடுத்த மாசம். எனக்கு அடுத்த மாசம் என்று ஒன்று கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். விட்டுப்போன தையலை எட்டி நின்றே பிடித்துவிடுவேன். அதெல்லாம் அப்போது. போன வாரம் மட்டும் என் கையைத் தாண்டி மூன்று சட்டை போய்விட்டது. "மாசக் கடைசிக்குள்ள கண்ணைச் சரி பண்ணிக்கினு வா வனஜா, இல்லாட்டி வராதே" என்று சூப்பர்வைசர் ஹேமநாதன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஹாலில் வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும், அப்போது தெரியும். ஒவ்வொரு பேஷண்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள். ஒருத்தி மாமியாருக்குப் பாட்டில் மூடியைத் திறந்து கொடுக்கிறாள். ஒருத்தர் அண்ணனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிறார். என் பக்கத்து நாற்காலியில் என் குடை இருந்தது. வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

மூலையில் இன்னொரு அம்மாளும் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நர்ஸ் கேட்கும்போதெல்லாம், "எம் புள்ள வண்டி நிறுத்தினு கீறான்" என்பார். ஒரு மணி நேரமாகவா ஒருத்தன் வண்டி நிறுத்துவான்? பொய்க்காரிக்குப் பொய்க்காரி தெரியாதா? எனக்கு உடனே புத்தி வேலை செய்தது. இந்த அம்மாளை எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லலாம். எப்படியும் ஆள் இல்லாமல் திரும்பத்தானே போகிறார். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்த ஊரும்மா?"

"வெள்ளானூரு. பேரு ஞானம்மா." என் முகத்தைப் பார்க்காமல், என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "இந்தக் கண்ணு போயி நாலு வருசம் ஆவுது. கீறது இது ஒண்ணுதான், இதுவும் மூடிகினு வருது. மூணாவது வாட்டி வரேன் பொண்ணு. புள்ள மாங்காட்டுல கீறான், கார் ஓட்றான். வரேன்னுதான் சொல்றான்."

மடியில் இரண்டு இட்லிப் பொட்டலம். ஒன்று பிரித்துச் சாப்பிட்டது. இன்னொன்று நூல்கூட அவிழ்க்காமல் இருந்தது.

கேட்க வந்ததை விட்டுவிட்டேன். எனக்கு இன்னொரு கண்ணாவது ஓரளவு தெரிகிறது. ஹேமநாதனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அடச்சே, என்ன பிழைப்புடா இது என்று என்மேலேயே கோபம் வந்தது. எழுந்து நர்ஸிடம் போனேன்.

"ஞானம்மாளுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்க பேஷண்ட் இல்ல? உங்க ஆப்ரேஷன்?"

"எனக்கு இன்னிக்கு ஆள் வரல. அவங்களுக்கு வந்துட்டேன்."

 அவள் லிஸ்டில் என் பேரை அடித்துவிட்டு, ஞானம்மாளைக் கூப்பிட்டு, "இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?" என்றாள்.

"எம் பொண்ணு" என்றார் ஞானம்மாள், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாசம் ஆயிற்றோ, அது என் குரல்தானா என்றே தெரியவில்லை. உள்ளே போகுமுன் தோடுகளைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார். என் பேரைக்கூட அதுவரை அவர் கேட்கவில்லை.

"இட்லி துன்னு. உனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தின்றேன். ஆறிப்போயிருந்தது, மிளகாய்ப்பொடி உறைத்தது. அவர் செருப்பை என் நாற்காலிக்கடியில் தள்ளி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கம்பெனியில் என்ன ஆகும் என்ற பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் தோடு இருந்த கையை இறுக்கி மூடி, மற்றவர்களைப் போலவே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. "ஞானம்மா கூட வந்தவங்க யாரு?"

ஹாலில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. வெள்ளைக் கட்டும், காற்றில் யாரையோ தேடி நீண்ட ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

"இங்க கீறேம்மா" என்று எழுந்தேன்.