தூணில் ஒட்டியிருந்த நிறம்

டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வருகிறேன் என்று காலையில் காரை எடுத்துக்கொண்டு போன அப்பா, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வீடு திரும்பவில்லை. காற்று அடிக்கிற கடை தெருமுனையில்தான் இருக்கிறது. அவருடைய போன் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அம்மா கூப்பிடக் கூப்பிட அது அவள் தலைக்கு மேலேயே அடித்தது. அங்கேதான் அடிக்கிறது என்று தெரிந்தும் அவள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்தபோது சின்னவள் வேலையில் இருந்தாள். சோபாவும் நாற்காலியும் விற்கிற ஒரு கம்பெனியில் படங்களைத் திருத்துவது அவள் வேலை. ஒரே ஒரு சோபாவைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, கணினியில் அதைச் சிவப்பாக்குவாள், சாம்பலாக்குவாள், கரும்பச்சையாக்குவாள். வாங்க வருகிறவர்கள் அத்தனை நிறத்துச் சோபாவும் கடையில் வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஒரு சோபா பாதி சிவப்பும் பாதி பழுப்புமாகத் திரையில் நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

அண்ணன் அதற்குள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்திருந்தான். தனிக்குடித்தனம் போனதிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட ஓரமாக விடுகிறவன், இன்று ஷூவோடு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"காரோட போட்டோ வேணுமாம்" என்றான்.

"நம்பர் குடுத்தியா?"

"குடுத்தேன். ரோட்டுல போற வண்டியில எவன் நம்பரைப் படிக்கிறான்னு கேக்கறார். நிறம்தான் கண்ணுல படுமாம். போட்டோவை அனுப்புங்க, எல்லா குரூப்புலயும் போட்டுடலாம்னார்."

படம் ஒன்று இருந்தது. அண்ணி அந்தக் காரில் சாய்ந்துகொண்டு எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் கார் வெள்ளை. போன மாதம்தான் அப்பா அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார். லாரி ஓட்டியே காலம் கழித்த மனிதர். ஓய்வு பெற்றபிறகு இந்தப் பழைய காரைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தினமும் கழுவித் துடைப்பார். பெயின்ட் அடித்து வந்த அன்று, "கீழ வந்து ஒரு பார்வை பாருங்க" என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டார். அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ இருந்தது. சின்னவள் போனில் பேசிக்கொண்டே பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "சூப்பர்ப்பா" என்று கையைக் காட்டினாள். புது நிறத்தில் அந்தக் காரை யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"சரி, வெள்ளையைப் புது நிறமா மாத்திடறேன். அது என் வேலைதானே" என்று சின்னவள் மடிக்கணினியைத் திறந்தாள். திறந்தபிறகுதான் உறைத்தது. "என்ன நிறம்?"

"பச்சை" என்றாள் அம்மா.

"நீலம்மா அது" என்றான் அண்ணன்.

"மயில்கழுத்துப் பச்சைடா. எனக்கு நிறம் தெரியாதா?"

"நீ எந்தக் காலத்துல கீழ இறங்கிப் பார்த்த?"

"நீ மட்டும் பார்த்தியா? வருஷத்துல நாலு வாட்டி வந்துட்டுப் பேசாத."

இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல, சின்னவள் தன் ஞாபகத்தைத் துழாவினாள். நாளெல்லாம் நிறத்தோடேயே மல்லுக்கட்டுகிறவள் அவள். இரண்டு பழுப்புக்கு நடுவில் மூன்றாவது பழுப்பு இருக்கிறது என்று மேலாளரோடு சண்டை பிடிப்பவள். அப்பாவின் காரை நினைத்தால் மட்டும் பால்கனியும் வெயிலும் தன் கையில் இருந்த போனும்தான் வந்தன.

பெயின்ட் அடித்த ஷெட்டுக்கு போன் போட்டாள். எடுத்தவர் சத்தமாகச் சிரித்தார். "உங்கப்பாவா? மறக்க முடியுமா? நான் காட்டின நிறம் எதுவுமே அவருக்குப் பிடிக்கலம்மா. ரெண்டு டப்பாவை அவரே கலந்தாரு. நீலமும் இருந்துச்சு, பச்சையும் இருந்துச்சு. எவ்வளவுக்கு எவ்வளவுன்னு கேட்டா, கைக்கணக்குன்னுட்டாரு. ஏன், மறுபடி அடிக்கணுமா?"

அவள் இல்லை என்று வைத்துவிட்டாள். உட்கார முடியவில்லை. அந்த நிறம் எங்கேயாவது ஒட்டியிருக்காதா, அப்பா தினமும் துடைக்கிற துணியாவது கிடக்காதா என்று கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓடினாள். படியில் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை.

கார் நிற்கிற இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை. துணி எதுவும் இல்லை. திரும்பும்போதுதான் பக்கத்துத் தூணைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து, கீறல் கீறலாக இருந்தது. அடியில் வெள்ளைக் கீறல்கள், பழையவை. அவற்றின் மேல் நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம், தீற்றித் தீற்றி ஒட்டியிருந்தது. ஒரு தடவை உரசியதல்ல. உள்ளே வரும்போது ஒரு பக்கம், வெளியே எடுக்கும்போது ஒரு பக்கம் என்று தூணைச் சுற்றி உரசியிருந்தது. பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

குறுகலான மலைப்பாதையில் லாரியைப் பின்னோக்கி எடுத்தவர் என்று மற்ற டிரைவர்கள் சொல்லுவார்கள். அந்த மனிதரால் இந்தத் தூணைத் தாண்டி ஒரு சின்னக் காரை நிறுத்த முடியவில்லை. எதற்குத் திடீரென்று பெயின்ட் அடித்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வெள்ளைக் காரின் இரண்டு பக்கமும் எப்படி இருந்திருக்கும்! அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. தூணைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளிச்சத்துக்காகச் சற்று விலகி, அந்தக் கீறலைப் படம் எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

வெள்ளைப் பொருளுக்கு நிறம் மாற்றுவது லேசான காரியமில்லை. சிவப்புச் சோபாவைப் பச்சையாக்கத் திரையில் ஒரு ஸ்லைடரை இழுத்தால் போதும். வெள்ளையில் இழுப்பதற்கு நிறமே கிடையாது. காரின் உடம்பை மட்டும் கோடு பிடித்துத் தனியே பிரித்தாள். கண்ணாடி, டயர், விளக்கு, நம்பர் பலகை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். தூணின் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி, காரின் மேல் தனி அடுக்காகப் போட்டு, அடியில் இருக்கிற நிழலும் மினுமினுப்பும் தெரியும்படி கலக்கவிட்டாள். அவசரத்தில் கோடு இரண்டு முறை அண்ணியின் முழங்கைக்குள் புகுந்தது.

"என்னையும் சேர்த்துப் பச்சையாக்கிடாத" என்றாள் அண்ணி, அண்ணனின் போன் ஸ்பீக்கரிலிருந்து. சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் அண்ணியை மொத்தமாகவே அழித்துவிட்டு, அங்கே காரின் கதவை வரைந்தாள்.

"இன்னும் முடியலயா?" என்று அண்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"தள்ளி நில்லு. மூச்சு விடற சத்தம் கேக்குது."

"போலீஸ்காரர் மூணாவது வாட்டி கேக்கறார்டி."

"தப்பான நிறத்துல அனுப்பினா தப்பான வண்டியைத்தான் தேடுவாங்க. சும்மா இரு."

முடித்துத் திரையை அம்மா பக்கம் திருப்பினாள். அம்மா உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "இதேதான்டி" என்றாள். அண்ணன் அதை உடனே போலீஸ்காரருக்கு அனுப்பினான்.

படம் போனபிறகு வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சின்னவளின் எண்ணைத்தான் படத்தின் கீழே போட்டிருந்தார்கள். போன் ஓயாமல் அடித்தது. ஒருவர் நீல நிற ஆட்டோவைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் காரை விற்பீர்களா என்று கேட்டார். ஒரு பெண் எதுவுமே பார்க்கவில்லையாம், அப்பா கிடைத்துவிடுவார் என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம். ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் அம்மா எழுந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் சின்னவள் தலையை ஆட்ட, உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் வேலை பார்க்கிற ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அந்த வண்டி என் கவுன்ட்டர் வழியாத்தான் போச்சுங்க. இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்ல, அதான் நல்லா ஞாபகம் இருக்கு. வெளியூர்ப் பக்கம் போனாரு. அப்புறம் திரும்பி வந்தாரு. மறுபடியும் அந்தப் பக்கமே போனாரு. எதையோ மறந்துட்டாரு போலன்னு நினைச்சேன்."

அண்ணனும் சின்னவளும் பைக்கில் கிளம்பினார்கள். சாவடியைத் தாண்டி, லாரிகள் ஓய்வுக்கு ஒதுங்குகிற திடலில், இரண்டு பெரிய லாரிகளுக்கு நடுவே அந்தக் கார் நின்றது. என்ஜின் அணைந்திருந்தது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

அண்ணன் கதவைத் திறந்தான்.

"ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு எதுக்கு வந்தீங்க?" என்றார் அப்பா.

"நீங்க வீட்டுக்கு வரலயேப்பா" என்றாள் சின்னவள்.

"வந்துட்டுத்தானே இருக்கேன்."

தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வழி தவறவில்லையாம். நடுவில் சுவரைக் கட்டிவைத்துத் திரும்ப இடமே விடாமல் ரோடு போட்டிருக்கிறார்களாம், அவர்களைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டுமாம். அவள் காரை ஓட்ட, அண்ணன் பின்னாலேயே பைக்கில் வந்தான். வழியில் அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இது யாரு வண்டி?"

"உங்க வண்டிதான். நான் நிறம் மாத்தினேன்."

அவர் போனை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "என் வண்டி இவ்வளவு மங்கலா? சிமென்ட் தூசி படிஞ்ச மாதிரி இருக்கு. இந்த நிறத்தை எங்க பார்த்த?"

தூணில் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஞாபகத்துல இருந்துதான்" என்றாள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கார்ச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, டாக்டரைப் பார்க்கிறவரை கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துபோனார். வீட்டுக்குள் ஜன்னலிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து ஜன்னலுக்குமாக நடந்தார்.

படம் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா கிடைத்துவிட்டார் என்று சின்னவள் போட்ட செய்தி எங்கோ நின்றுபோயிற்று. கார் காணவில்லை என்பது போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போன் அடிக்கும். "கிடைச்சுட்டாருங்க, ரொம்ப நன்றி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மணிக்கும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் ஒரு பழக்கடைக்காரர் கூப்பிட்டார். "ஏம்மா, காணாமப் போன கார் இங்க என் கடைக்கு முன்னாடி நிக்குது."

"அவர் கிடைச்சுட்டாருங்க. ரொம்ப..."

"இருக்கலாம்மா. ஆனா இவர் இந்த ரவுண்டானாவையே சுத்திச் சுத்தி வந்துட்டு இருந்தாரு. நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன்."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "போனை அவர்கிட்ட குடுங்க."

கொஞ்ச நேரம் வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அப்பாவின் மூச்சு.

"சின்னக்குட்டி."

"சொல்லுங்கப்பா."

"அம்மாவைத் திட்டாத. சாவியை நான்தான் கெஞ்சி வாங்கினேன்." நிறுத்தினார். "நம்ம வீட்டுக்கு இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பணும்?"

அவர் யாரிடமும் வழி கேட்டு அவள் பார்த்ததில்லை.

"எங்கயும் திரும்ப வேணாம்ப்பா. அங்கயே இருங்க. நான் வரேன்."

அவள் போனபோது அப்பா கடைக்காரர் போட்ட முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கார்ச் சாவி கடைக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அப்பாவே கொடுத்துவைத்தாராம். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, நிதானமாகப் பார்த்தாள். வெயிலில் அந்த நிறம் அவள் படத்தில் இருந்ததைவிட எவ்வளவோ பிரகாசமாக இருந்தது. கதவோரம் மட்டும் கீறியிருந்தது.

"நல்ல நிறம்ப்பா" என்றாள்.

"கலக்கும்போது கை கொஞ்சம் நடுங்கிடுச்சு. பச்சை கூடிப்போச்சு."

கார் கிளம்பியது. "டாக்டர்கிட்ட போலாமாப்பா?" என்று கேட்டாள். அடுத்த சிக்னலில் நிற்கும்போது, "போலாம். உங்கண்ணன் வேணாம், நீ வா" என்றார்.

இருவருக்கும் நடுவில் வைத்திருந்த போன் மறுபடி அடித்தது. தெரியாத எண். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பதற்குள் அப்பா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரோ காரைப் பற்றிப் படபடவென்று பேசுவது அவளுக்கும் கேட்டது. அப்பா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"ஆமாங்க, அது நான்தான்" என்றார். "கிடைச்சுட்டேன்."