மேடைக்கு மணி தெரியாது

எடை மேடையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறவளை ஒரு லாரிக்காரனும் ஏமாற்றியதில்லை. அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எடையக்கா. லாரி ஒருமுறை வெறுமையாக வந்து ஏறும், ஒருமுறை சரக்கோடு வந்து ஏறும். நடுவில் என்னென்ன தில்லுமுல்லு உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. முன்சக்கரத்தை விளிம்புக்கு வெளியே நிறுத்துவார்கள். உபரி டயரைக் கழற்றி எங்காவது உருட்டிவிட்டு வருவார்கள். எதுவும் பலிக்காவிட்டால் கெஞ்சுவார்கள். ஒருமுறை மணல் லாரி டிரைவர் ஒருவன், காலையிலேயே ஏற்றிய லோடு, வெயிலில் காய்ந்து குறைந்திருக்கும், கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்று தலையைச் சொறிந்தான்.

"காலையில ஏத்தினியா, சாயங்காலம் ஏத்தினியான்னு மேடைக்கு மணி தெரியாதுப்பா," என்றாள். "எடை மட்டும்தான் தெரியும்."

இதை வீட்டில் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு யார் சாக்குச் சொன்னாலும் அவனுக்கு அதுதான் பதில். மேடைக்கு மணி தெரியாது.

தம்பி டைல்ஸ் போடுகிறவன். அவளைவிட நான்கு வயது இளையவன். ஒரு துளி குடித்ததில்லை. என்றைக்கோ உடம்பில் புகுந்த வைரஸ் ஒன்று சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுவிட்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், ரொம்ப நாளாகக் குடியா என்று அவன் மனைவியின் காதில் கேட்டுவிட்டுப் போனார்கள். "குடிச்சிருந்தாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்," என்றான் அவன்.

மாற்று ஈரல்தான் வழி, சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால் போதும் என்றார்கள். மனைவியின் ரத்தம் சேரவில்லை. அம்மா அப்பா இல்லை. மிச்சம் அக்கா ஒருத்திதான். டாக்டர் பேசி முடிப்பதற்குள் அவள் கையெழுத்துக்குப் பேனா கேட்டாள். ரத்தம் சேர்ந்தது. ஸ்கேனில்தான் இடித்தது. அவள் ஈரலில் கொழுப்பு அதிகம்; இப்படியே வெட்டி வைத்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து என்றார் டாக்டர். எண்பத்தாறு கிலோ இருந்தாள். எட்டு வாரத்தில் எட்டு கிலோ இறக்கினால் கொழுப்பும் கூடவே இறங்கும், அப்புறம் மறுபடி ஸ்கேன். அதுவரை அவன் தாங்குவானா என்று கேட்டாள். தாங்குவார் என்றுதான் நம்புகிறோம் என்றார்.

"ஊர் லாரிக்கெல்லாம் ஓவர்லோடுன்னு சீட்டு கிழிச்சவளுக்கு டாக்டர் கிழிச்சுட்டாருடி," என்று தம்பி தன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்தால் வயிறு வலித்தது. வயிற்றில் நீர் கோத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உணவுமுறை எழுதிக் கொடுக்கிற பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. ஒரே ஒரு தாள் கொடுத்தாள். எண்ணெய் எவ்வளவு, நடை எவ்வளவு, பழம் ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் உள்ளங்கையளவு. பழத்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று எடையக்கா கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம், நேரத்தால் உடம்பு ஏறாது, இறங்காது, மொத்தத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் முக்கியம் என்றாள் அந்தப் பெண்.

எடையக்காவுக்கு அது திருப்தியாகவே இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற வழி கேட்டால், கம்மியாகத் தின்னு என்கிறார்கள். அதைச் சொல்ல எதற்கு ஆஸ்பத்திரி? இவர்களுக்குத் தெரியாத சூட்சுமம் ஏதாவது இருக்க வேண்டும்.

அது வாழைத்தார் லாரியில் வந்தது. அதை ஓட்டுகிறவருக்கு வாழைக்காரர் என்றே பெயர். தொந்தியும் தொப்பையுமாக இருந்த மனுஷன் மூன்றே மாதத்தில் பாதியாகியிருந்தார். பேண்ட்டைக் கயிற்றால் கட்டியிருந்தார். காலையில் வெறும் வயிற்றில் பழம் எவ்வளவு தின்றாலும் உடம்பில் தங்காது, பகல் பன்னிரண்டு தாண்டி ஒரு துண்டு வாயில் வைத்தாலும் அப்படியே கொழுப்பு என்றார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதையே சொல்கிற வீடியோவைக் காட்டினார். அது போதாதென்று சட்டையைத் தூக்கிக் கயிற்றையும் காட்டினார். எந்த டிரைவர் பேச்சையும் நம்பாதவள், கயிற்றைப் பார்த்து நம்பினாள்.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்தாள். ஆறு வாழைப்பழம், அரைப் பப்பாளி, ஒரு டப்பா திராட்சை. வயிறு கனத்ததால் நடக்க முடியவில்லை, நடையை விட்டாள். பத்து மணிக்கு மறுபடி நான்கு பழம். பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னதாக செல்போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தாள். அடித்தால், வாயில் இருப்பதோடு சரி. மத்தியானமும் ராத்திரியும் வழக்கமான சாப்பாட்டில் இரண்டு வாய் குறைத்தாள். காலையில் தின்றதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுதான் தங்காதே.

மருந்துக்கடை எடை மெஷினில் ஏறப் பயம். வண்டி இல்லாத நேரம் பார்த்து லாரி மேடையில் ஏறி நிற்பாள். வெளியே பெரிய திரையில் சிவப்பு எண் தெரியும். தொண்ணூறு. டன் கணக்கில் போடுகிற மேடை அது, பத்துப் பத்தாகத்தான் காட்டும். எண்பத்தைந்துக்குக் கீழே போனால்தான் எண்பது என்று விழும். உள்ளுக்குள் குறைந்துகொண்டுதான் இருக்கும், மேடைக்கு இன்னும் தெரியவில்லை என்று தேற்றிக்கொண்டாள்.

ஆறாவது வாரம் தம்பியை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் பார்க்கப் போனாள். மணி நாலு. தம்பியின் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. கட்டிலோரம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ கொண்டு வந்த ஆரஞ்சை அவன் உரித்துக்கொண்டிருந்தான். விரல் நடுங்கியது. சுவருக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் டைல்ஸ் பதித்த விரல். வெள்ளை நாரையெல்லாம் எடுத்துச் சுளை சுளையாக ஒரு தட்டில் வட்டமாக அடுக்கிவிட்டு நீட்டினான்.

"எடுத்துக்கக்கா. எனக்கு எதுவும் ருசிக்கல. நீ தின்னு, நான் பார்க்கிறேன்."

"நேரம் ஆயிடுச்சுடா. பன்னண்டுக்கு மேல தொடமாட்டேன்."

"ஒரு சுளைதானே? மேடைக்கு மணி தெரியாதுன்னு நீதானே சொல்லுவ?"

"அது லாரிக்குடா. உனக்காகத்தான் இவ்வளவும் பண்றேன், நீயே கெடுக்காத."

அவன் தட்டை மேசையில் வைத்தான். பிறகு வேறு பேச்சு வந்தது.

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினாள். எண்பத்தேழு. மெஷின் கோளாறு என்றாள். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்கள். எண்பத்தேழு. உணவுமுறை எழுதிக் கொடுத்த பெண் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கக் கேட்க, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கியது. "எல்லாம் காலையிலதான் சாப்பிட்டேன்," என்று கடைசியாகச் சொன்னாள். தலையைச் சொறிந்த மணல் லாரிக்காரன் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் திட்டியிருக்கலாம். அவள் பழைய தாளையே எடுத்து, பழம் இரண்டு என்ற வரிக்கு அடியில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் இன்னும் மூன்று வாரம் தந்தார். இந்த முறை தாளில் இருந்ததை அப்படியே செய்தாள். இரண்டு பழம், கையளவு சோறு, காலையும் மாலையும் நடை. எட்டு நாளில் ஒன்றரைக் கிலோ இறங்கியது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்பதாம் நாள் தம்பி ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தான். நிறுத்த முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது.

முதலிலேயே குறைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டாள். அப்படி அடித்துச் சொல்ல முடியாது, அறுவைச் சிகிச்சை முடிந்தும் போகிறவர்கள் உண்டு என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

தம்பி மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்து டம்ளர், துண்டு, சீப்பு என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அன்னைக்கு அந்த ஆரஞ்சைச் சாப்பிட்டிருக்கலாம் அண்ணி. நீங்க போனதுக்கப்புறமும் தட்டை எடுக்கவிடல. அக்கா திரும்பி வந்தா தின்னுவா, இருக்கட்டும்னாரு. காஞ்சே போச்சு."

எடையக்கா சீப்பைத் துண்டில் சுற்றினாள். பிறகு பிரித்து மறுபடி சுற்றினாள்.

வேலைக்குத் திரும்பினாள். எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது. பாதிச் சாப்பாடு டப்பாவோடு வீடு திரும்பியது. ஒரு மாதம் கழித்து வாழைத்தார் லாரி வந்தது. வாழைக்காரர் இன்னும் இளைத்திருந்தார். கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்து, தனக்குச் சர்க்கரை வியாதியாம், உடம்பு உருகியது அதனால்தானாம், டாக்டர் வாழைப்பழத்தை எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது என்றுவிட்டாராம் என்றார். தம்பி விஷயம் அவருக்குத் தெரியாது. "உங்களுக்குப் பழம் வேலை செஞ்சுதாக்கா?" என்று கேட்டார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவதற்கு வாயில் நிறைய இருந்தது.

"முன்சக்கரம் வெளிய நிக்குது," என்றாள். "உள்ள ஏத்துங்க."

அவர் போன பிறகு மேடையில் உதிர்ந்து கிடந்த வாழைச் சருகைக் கூட்டப் போனாள். நடு மேடையில் நின்று துடைப்பத்தை ஊன்றித் தற்செயலாக நிமிர்ந்தபோது திரையில் எண் மாறியிருந்தது.

எண்பது.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். எண்பதுதான். அவன் போய் நாற்பது நாளாகியிருந்தது.

அடுத்த லாரி பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். திரையில் பூஜ்யம் வந்தது. வண்டியை ஏறச் சொல்லிக் கையசைத்தாள்.