கண்ணுக்குத் தெரியாத கொக்கி

போர்வையை விலக்கி அவருடைய இடது கையைத் தூக்கிப் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. விரல்கள் ஊதி, நகங்களுக்கடியில் நீலம் பாய்ந்திருந்தது. சொட்டு மருந்தின் ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்தெல்லாம் சதைக்குள் இறங்கியிருந்தது. ஊசியை உருவியாயிற்று. ஆனால் வீங்கிய மணிக்கட்டில் தங்க வாட்ச் புதைந்து கிடந்தது. பக்கவாதத்தில் பேச்சு போய், வலப்பக்கம் விழுந்துபோன அவரைக் கொண்டுவந்த அவசரத்தில் அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே விட்டிருந்தார்கள்.

"இதுக்குக் கொக்கியே இல்லையாம்மா? சுத்திச் சுத்திப் பாக்கிறேன், ஒண்ணும் பிடிபடல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றாள் மனைவி.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அவர் கண்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

கல் முகப்பு வைத்த பழைய தங்க வாட்சுகள்தான் அவருக்கு எல்லாம். காகிதக் கனத்துக்குச் சீவிய கல்லின் மேல் முட்கள் ஓடும். நீலக்கல்லில் பொன்துகள் சிதறியிருக்கும்; புலிக்கண் கல்லைத் திருப்பினால் உள்ளே ஓர் ஒளிக்கோடு நகரும். ஒன்றைப்போல் இன்னொன்று பூமியிலேயே கிடையாது என்பார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். அலையலையாகக் கோடுகள் ஓடும் இந்தப் பச்சைக்கல் ராசாத்தி. மனைவியைக் கூப்பிட 'ஏய்' போதுமானதாக இருந்தது. ராசாத்தியின் பட்டை, துணி நெய்வது போலத் தங்க இழையில் நெய்தது. கொக்கி எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லி வருகிறவர்களுக்குப் போட்டி வைப்பார். யாரும் ஜெயித்ததில்லை. ஒற்றைக் கையால் மாட்ட முடியாது என்பதால் அவளுக்கு மட்டும் அந்த இடம் தெரியும். தினமும் காலையில் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து நீட்ட வேண்டும். அவர் முகர்ந்து பார்த்துச் சம்மதித்த பிறகே தொடலாம். ஒருநாள் நகம் பட்டுத் தங்கத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தது. அவர் திட்டவில்லை. நண்பர்கள் காபி குடித்துக்கொண்டிருந்த கூடத்தில் அவளை உட்காரவைத்து, பத்து விரல் நகங்களையும் சதை தெரிய வெட்டிவிட்டார். "வீட்ல பூனை வளர்த்தா இதெல்லாம் செய்யணும்ல," என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பின் விரல் சதையாலேயே அழுத்தித் திறக்கப் பழகிக்கொண்டாள்.

அன்று அதிகம் சிரித்தவர், பையில் எப்போதும் பூதக்கண்ணாடி வைத்திருப்பதால் 'லென்ஸ்' என்று பட்டப்பெயர் வாங்கிய நண்பர். அவரும் இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். நர்ஸ் மோதிரம் வெட்டும் கருவியை எடுத்ததும் பதறிப்போனார்.

"சிஸ்டர், சிஸ்டர்! சோப்புத் தண்ணி போட்டுப் பாப்போம். வெட்டினா அதோட உசிரே போயிடும்!"

"யாரோட உசிரு சார்?"

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. அண்ணனுக்கு இது பிள்ளை மாதிரி."

படுக்கையில் இடது கை அசைந்தது. கனத்த சுட்டுவிரல் சிரமப்பட்டு எழுந்து, அவளையே காட்டி நின்றது. தொண்டையிலிருந்து சொல்லாகாத ஏதோ ஒன்று வந்தது.

"உங்களைத்தாம்மா தேடுறாரு," என்றாள் நர்ஸ் இளகி. "கையப் பிடிச்சுக்கோங்க, பயப்படுறார் போல."

அவள் அந்த விரலைப் பிடித்து மெத்தையில் படுக்கவைத்தாள். அவளுடைய கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளித்தான் கொக்கி இருந்தது.

"வெட்டிடுங்க."

லென்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சிறிய பல்சக்கரம் கரகரவென்று சுழன்றது. தங்கம் இவ்வளவு மென்மையானது என்று அவள் நினைத்ததில்லை. பிஸ்கட் போலத் தூள் உதிர்ந்தது. அவர் கண்ணைச் சிமிட்டவே இல்லை. வாட்சை அல்ல, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை பிரிந்ததும் லென்ஸ் ஓடிவந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு ஒண்ணும் ஆகல அண்ணே! ராசாத்தி தப்பிச்சிட்டா!" என்றார். குரல் தழுதழுத்தது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள். லென்ஸ் செல்போனில் யாருக்கோ விஷயத்தைச் சொல்ல நடைவழிக்குப் போனார்.

அவள் வாட்சை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கட்டைவிரல் சதையால் ஓரிடத்தில் அழுத்தினாள். டிக். கொக்கி வழக்கம்போலத் திறந்துகொண்டது.

"என்னங்க," என்றாள்.

வாட்சைத் தலையணையோரம் வைத்துவிட்டு, அவர் கையை மடியில் எடுத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். மணிக்கட்டைச் சுற்றி நெசவின் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. அதைத் தாண்டி ரத்தம் இறங்க இறங்க, நீலம் மங்கி, விரல்கள் ஒவ்வொன்றாகச் சூடேறின. பின் அவை மெதுவாக மடங்கி அவள் விரல்களைக் கவ்வின. பிடித்துக்கொள்கின்றனவா நெரிக்கின்றனவா என்று தெரியவில்லை. இறுக்கம் கூடிக்கொண்டே போனது. அவள் கையை இழுத்துக்கொள்ளாமல், மறு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.