மூன்றாம் படத்தில் மஞ்சள் தொப்பி

லென்ஸ் பேச்சு தொடங்கிவிட்டால் எங்கள் புகைப்படச் சங்கத்துக்காரர்களுக்கு வீடு வாசல் நினைவே வராது. அதிலும் ரொட்டிக்கடை டெட்லெஃப் இருக்கிறானே, அவன் வாயை வெங்காயக் கேக்கால்கூட அடைக்க முடியாது. கேமராவுக்குப் பேர்போன எங்கள் வெட்ஸ்லாரில் பிறந்தவன் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டாமல் தெருவில் இறங்கக் கூடாது என்பது அவன் கட்சி.

அன்று சனிக்கிழமை மதியம். மது விடுதியின் பின்னறைச் சுவரில் லுட்கர் மூன்று வண்ணப் படங்களைக் குத்தி வைத்திருந்தான். மூன்றிலும் ஆற்றுப் பாலத்தின் மேல் அவன் மனைவி ரோஸ்விதாவின் முகம், ஒரே இடம், ஒரே சிரிப்பு. லென்ஸ் மட்டும் வேறு. மூன்றும் ஐம்பது மில்லிமீட்டர்தான், மூன்றையும் அது அது திறக்கும் மட்டும் திறந்து எடுத்திருந்தான். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறதோ, முகத்துக்குப் பின்னால் இருப்பது அவ்வளவு மங்கும். முகத்துக்குப் பின்னால் ஆறும் கரையும் எதில் அழகாகக் கரைகின்றன என்று பார்த்து, பிடித்த படத்தின் கீழே அவரவர் பீர் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை ஓட்டாக வைக்க வேண்டும்.

ரோஸ்விதா வந்ததே பெரிய விஷயம். அவள் தம்பி கெர்வின் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தப் படங்களை எடுத்த அதே ஞாயிற்றுக்கிழமைதான். இருட்டும் நேரத்தில் ஆற்றங்கரை பெஞ்சில் அவன் செத்துக் கிடந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"டாக்டர் சொன்னாரு, ஒரு நொடியில போயிடுச்சாம்," என்று உள்ளே வந்ததுமே என்னிடம் சொன்னாள். "நாங்க வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம்தான் நடந்திருக்கும். வலியே தெரிஞ்சிருக்காதாம். எனக்கு அது போதும்ப்பா."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டினேன்.

டெட்லெஃப் முதல் படத்தின் முன்னால் போய் நின்றான். "அந்த நீலத்தைப் பாருங்கடா, சூட்டுல வெண்ணெய் உருகுற மாதிரி. மேல ஒரு மஞ்சள் பொட்டு வேற. இதுக்கு மேல என்ன வேணும்?"

எல்லோரும் அவனைத் தொடர்ந்து அதன் கீழேயே அட்டையை வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போடா, கண்ணுல புரை வந்தவன் பார்க்கிற மாதிரி இருக்கு," என்றேன். "மூணாவதைப் பாரு. குறைச்சலா திறக்குற லென்ஸ்தான், ஆனா பின்னாடி இருக்கிற உலகம் உலகமா இருக்கு. இந்தா, பெஞ்சுல ஒரு ஆளு சாஞ்சு உக்காந்திருக்கான் பாரு. நீலக் கோட்டு. கீழ மஞ்சள் தொப்பி விழுந்து கிடக்கு."

சொல்லி முடிப்பதற்குள் ரோஸ்விதா எழுந்து வந்துவிட்டாள். படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இது நான் கெர்வினுக்குப் பின்னின தொப்பி," என்றாள்.

நான் கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்துவிட்டேன்.

அவள் முதல் படத்துக்குப் போனாள். மஞ்சள் பொட்டு நீலத்துக்கு மேலே, உயரத்தில் இருந்தது. இரண்டாவதில் நீலத்துக்குப் பக்கத்தில், தாழ்ந்து இருந்தது. மூன்றாவதில் தரையில்.

"இந்த வரிசையிலதான் எடுத்தியா?"

"ஆமா," என்றான் லுட்கர். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "பிரிண்ட் காலையிலதான் வந்துச்சு. நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன், ரோஸி. சத்தியமா."

"தொப்பியைக் கழட்டி ஆட்டியிருக்கான். அடுத்ததுல கை தாழ்ந்துடுச்சு. நீ லென்ஸ் மாத்தி மாத்தி எடுத்துட்டு இருந்த நேரம் பூரா அவன் உயிரோட இருந்திருக்கான்."

"இவ்வளவு மங்கலா இருக்கே, லுட்கருக்கு எப்படித் தெரியும்?" என்றான் டெட்லெஃப், ஏதோ உதவி செய்கிறவன்போல.

ரோஸ்விதா மேசையிலிருந்த கேமராவை எடுத்தாள். கணவனுடைய அந்தக் கேமராவை அவள் கண்ணில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அதன் சின்னக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல எதுவும் மங்கலா இல்லையே," என்றாள். "அந்தக் கோடியில சைக்கிள் துடைக்கிற பையன் சட்டையில பட்டன்கூடத் தெரியுது."

உண்மைதான். மங்கல் எல்லாம் ஃபிலிமில்தான். இந்தக் கேமராவில் எடுப்பவன் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, தனிக் கண்ணாடி வழியாக; அதில் கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் பளிச்சென்றுதான் தெரியும். அந்த அறையில் அது தெரியாதவன் ஒருவனும் இல்லை.

"நடுவுல ஒரு சின்னக் கட்டம் இருக்கும்," என்றான் லுட்கர். "அதுல உன் இமை ரெண்டு ரெண்டாத் தெரியும். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தாத்தான் முகம் தெளிவா விழும். நான் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தேன். அதைத் தவிர எதையும் பார்க்கல."

ரோஸ்விதா கேமராவை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"நான் அவனுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன்," என்றாள். "அவன் உன்னைப் பார்த்துத்தான் ஆட்டியிருக்கான், லுட்கர். நீயும் அவன் பக்கமே பார்த்துட்டு இருந்தே. மாமா பார்த்துட்டாரு, இப்ப வந்துடுவாருன்னுதான் நினைச்சிருப்பான்."