குச்சியின் மன்றாட்டு வாரம்

சிற்றாலய விளக்கின் சிவப்புக் கண்ணாடியை உடைத்தது யார் என்று விடுதியில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். உடைத்தவள், பக்கத்தில் நின்றவள், அப்புறம் மேலே இருக்கிறவர்.

உடைத்தவளுக்குச் சம்மனசு என்று பட்டப்பேர். இப்போதுதான் வானத்திலிருந்து இறங்கி வந்த தேவதூதர் மாதிரி அப்படியொரு முகம். அன்றைக்குப் பீடம் துடைக்கும் முறை அவளுக்கும் குச்சிக்கும். சம்மனசு ஒரு கையில் விளக்கும் மறு கையில் போனுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டும் நழுவியபோது எது முக்கியமோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு விடுதி சிஸ்டர் ஓடி வந்ததும், "பாவம் சிஸ்டர், குச்சி ஏதோ அவசரத்துல... திட்டாதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவளேதான்.

குச்சி வேதியியல் இரண்டாம் வருஷம். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. "நான் இல்ல சிஸ்டர்" என்றாள். "பொய் வேறயா?" என்றார் சிஸ்டர். ஒரு மாதம் வாசலைத் தாண்டக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த மாதத்தில்தான், அம்மா போன பிறகு அவளைத் தலைவாரி வளர்த்த அக்கா, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினாள். வழியனுப்பப் போக முடியாத குச்சி, துணி காயப்போடும் மொட்டைமாடியில் நின்று, மேலே போன ஒவ்வொரு விமானத்துக்கும் கையாட்டினாள். எதில் அக்கா இருந்தாளோ!

மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே வந்தவள் கண்ணில் அறிவிப்புப் பலகை பட்டது. வரும் வாரம் காலைப் பூசையில் மன்றாட்டு வாசிப்பது அவள் முறை. அந்த விடுதியில் வாசிப்பவளே மன்றாட்டை எழுதவும் வேண்டும். யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. ஜெபத்தைப் போய் யார் திருத்துவார்கள்?

திங்கட்கிழமை வாசித்தாள்: "கண்ணாடியை உடைத்துவிட்டு உண்மையைச் சொல்ல நா எழாமல் தவிக்கும் சகோதரிக்குத் துணிவைத் தரவேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்."

எழுபது பெண்களும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். சம்மனசும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, போனைக் கீழே போடாமல் விளக்கைப் போட்ட கைகளுக்காக. புதன்கிழமை, அடுத்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குறட்டை விடும் சகோதரியின் நல்ல தூக்கத்துக்காக. பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். சாப்பாட்டு அறை முழுக்க ஒரே குசுகுசு.

சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். "என்னம்மா இது? ஜெபமா, சண்டையா?"

"ஜெபந்தான் சிஸ்டர். கெடுதல் செஞ்சவங்களுக்காக வேண்டிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"அப்ப உடைச்சது யாரு?"

"அன்னைக்கு நான் சொன்னப்ப நீங்க நம்பல. இப்ப உடைச்சவ வாயாலயே வரட்டும்."



சனிக்கிழமை துணி துவைக்கும் இடத்தில் சம்மனசு பிடித்துக்கொண்டாள். முகம் வற்றிப் போயிருந்தது. "நாளைக்கு எங்க அப்பா அம்மா பூசைக்கு வர்றாங்கடி. விட்டுடுடி. உன் கால்ல வேணா விழறேன்."

"விழு. போனை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"நாளைக்கு என்னடி எழுதியிருக்க?"

"பேரு" என்றாள் குச்சி, சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு கொள்ளாமல் பெற்றோர் கூட்டம். குச்சி திருச்சபைக்காக வாசித்தாள், நோயாளிகளுக்காக வாசித்தாள். பிறகு நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள்.

கடைசி மடிப்பு பிரிவதற்குள் சம்மனசு எழுந்துவிட்டாள். "கண்ணாடிய உடைச்சது நான். குச்சி மேல பழி போட்டதும் நான். எனக்காக... வேண்டிக்கோங்க."

அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டம் சொன்னபோது, எல்லாருக்கும் மேலே கணீரென்று கேட்டது அந்த ஒல்லிக் குரல்தான்.

பூசை முடிந்ததும் சிஸ்டர் குச்சியின் கையைப் பிடித்தார். "தப்பு என் மேலதாம்மா. இன்னிக்கே வீட்டுக்குப் போயிட்டு வா."

"வீட்டுல யாரு இருக்கா சிஸ்டர்?"

கையை உருவிக்கொண்டு நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனாள். அடுத்த வாரம் மன்றாட்டு அவள் அறைத்தோழி தூங்குமூஞ்சிக்கு.

"ஏய், உன் முறைய எனக்குக் குடு."

"அதான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாளேடி! இன்னும் எத்தனை வாரத்துக்கு?"

குச்சி பேனா மூடியைக் கழற்றினாள். "எங்க அக்கா திரும்பி வர்ற வரைக்கும்."